தெளிந்த மருந்து

எண்ணெய்க்காரியின் கை ஆடாது. மொத்த எண்ணெய்க் கடையில் அவளுக்குச் சோறு போட்டதும் பேர் வாங்கிக் கொடுத்ததும் அந்தக் கைதான். லாரியில் குலுங்கிக் கலங்கி வந்து இறங்கும் பீப்பாய்களை மூலையில் நிறுத்தி, தெளிகிற வரைக்கும் யாரும் தொடாமல் வைத்திருப்பார்கள். எண்ணெயில் இருக்கிற தூசு தும்பு, பிண்ணாக்குத் தூள் எல்லாம் மெல்ல மெல்ல இறங்கி அடியில் களியாகத் தங்கும். அதற்கு மண்டி என்று பேர். மற்றவர்கள் ஊற்றினால் பாதிப் பீப்பாயிலேயே மண்டி எழும்பிவிடும், வாங்கினவன் மறுநாள் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவான். அவள் ஊற்றினால் கடைசிப் புட்டி வரைக்கும் கண்ணாடி மாதிரி இறங்கும்.

"எவனாவது பீப்பாய்ப் பக்கம் தும்மினீங்க, அப்புறம் நடக்கிறதே வேற. எண்ணெய்க்காரி ஊத்துறா" என்று முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்துவார்.

மிஞ்சின மண்டியைச் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். மனுஷர் வயிற்றுக்கு அது ஆகாது. இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடத்தைவிட இந்தப் பாடம் நன்றாக ஏறியிருந்தது.

புருஷன் தூரத்து ஊர்களுக்கு லாரி ஓட்டுகிறவன். போனால் போன இடம், வந்தால் வந்த நேரம். வீட்டில் அவளும், அவள் மகளும், புருஷனின் அக்காவும்தான். அந்த அண்ணி ஜன்னலோரத்தில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தலையணை உறைகளாகத் தைத்துத் தள்ளுவாள். மிஷின் ஓடினால் வாய் நிற்கும், வாய் ஓடினால் மிஷின் நிற்கும். ஆக மொத்தம் வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. இருக்கிற சத்தம் போதாதென்று மகள் ஒருத்தி. நாலு வயசு. விடிந்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை நிறுத்தமாட்டாள். தெருவே அவளைச் சில்வண்டு என்றுதான் கூப்பிட்டது.

அந்தச் சில்வண்டு இருமத் தொடங்கினாள். முதலில் சாதாரண இருமல்தான். மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்துகொண்டிருந்தது. துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம். "ஈரக்காத்து, சரியாயிடும்" என்றாள் அண்ணி. சரியாகவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. பக்கத்துத் தெரு மருத்துவர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், முதுகைத் தட்டினார், நெஞ்சில் கிருமி தொற்றியிருக்கிறது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருந்துக் கடையில் கூட்டம். கடைக்காரர் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். உள்ளே வெறும் பொடி. அதில் கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகி, பாட்டிலைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் படபடவென்று அடித்துக் குலுக்கினார். அவளுக்கு மனசு பதைத்தது. இப்படியா ஒரு சரக்கைக் கலக்குவார்கள்?

"காலைல ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை. இந்த மூடியில கோடு போட்டிருக்கு பாருங்க, இதுவரைக்கும்" என்று நகத்தால் தொட்டுக் காட்டினார். "வீட்டுக் கரண்டியில ஊத்தாதீங்க. ஒரு வாரம் குடுக்கணும். காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நடுவுல நிறுத்தக்கூடாது."

"கோட்டுக்கு மேல போனா?"

"போகக்கூடாதும்மா. கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கை நீட்டினார். ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. அவள் கண்ணெதிரில்தானே குலுக்கினார், சொல்லவேண்டும் என்று தோன்றியிருக்காது. பாட்டிலில் எறும்பு எறும்பாக அச்சடித்திருந்தது. அதை அவள் படிக்கவும் இல்லை, படித்தாலும் அந்த பாஷை அவளுக்குத் தெரியாது.

மழையில் குடையைக் கழுத்தால் இடுக்கிக்கொண்டு, பாட்டிலை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, குழி பார்த்துக் குழி பார்த்து நடந்து வந்தாள். அலமாரியில் வைத்தாள்.

"குடுத்துடேன், ஏன் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அண்ணி.

"கலங்கிக் கிடக்கு அண்ணி. கொஞ்சம் தெளியட்டும்."

எண்ணெய்க் கடைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அண்ணி மிஷினை மிதித்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து எண்ணெய்க்காரி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் நினைத்தது சரிதான். அடியில் வெள்ளையாக மண்டி இறங்கியிருந்தது. அடப்பாவி, பிள்ளைகள் குடிக்கிற மருந்தில் இவ்வளவு கசடா என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டினாள். பிறகு பாட்டிலை மெல்லச் சாய்த்து, மேலே தெளிந்து நின்றதை மட்டும் மூடியின் கோட்டுக்குச் சரியாக இறக்கினாள். ஒரு பொட்டு மண்டி எழும்பவில்லை.

அப்படியே ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்துவந்தாள். காய்ச்சல் மாத்திரை கொடுத்தால் சூடு கொஞ்சம் தணியும், பிறகு ஏறும். இருமல் ஆழமாகிக்கொண்டே போயிற்று. "மருந்து வேலை செய்ய நாளாகும், பதறாதே" என்று அண்ணி அவளுக்கும், அவள் தனக்கும் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் அவள் கடைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது. பீப்பாய்கள் வந்து நின்றன. ஆனால் காதில் குழந்தையின் இருமலே கேட்டுக்கொண்டிருந்தது. புனலை வைத்துப் பாதி டப்பா நிரப்பினவள், என்ன தோன்றியதோ, குழாயை மூடிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

வாசலில் கால் வைத்தாள். வீட்டில் சத்தமே இல்லை. மிஷினும் ஓடவில்லை, அண்ணியின் வாயும் ஓடவில்லை. அண்ணி பாயில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஞ்சி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

"காலைல இருந்து ஒரு வார்த்தை பேசல. கஞ்சி வேணுமான்னா தலையைக்கூட ஆட்ட மாட்டேங்குறா. மூச்சைப் பாரு, எப்படி வாங்குதுன்னு."

அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழந்தையின் சதை உள்ளே குழிந்து போயிற்று. மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அம்மா வந்ததை அது பார்த்த மாதிரி இல்லை. எண்ணெய்க்காரி குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள்.

"சில்வண்டு... ஏய்... அம்மா வந்திருக்கேன் பாருடி."

கண் அசையவில்லை. எழுந்து அலமாரிக்கு ஓடிப் பாட்டிலை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடலாம் அண்ணி. போற வழியில மருந்தும் வேற வாங்கணும். இது தீந்துபோச்சு."

"எங்க தீந்துபோச்சு? பாதிப் பாட்டில் அப்படியே இருக்கே."

"அது மண்டி."

"என்ன மண்டி?"

"அடியில தங்குன கசடு அண்ணி. மேல தெளிஞ்சதை மட்டுந்தான் குடுத்தேன். ஒரு சொட்டு மண்டி பிள்ளை வாயில படல."

அந்தப் பயத்திலும் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை நினைத்து அவள் பிறகு எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள்.

அண்ணி பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"ஏம்மா, கடைக்காரர் இதுல முதல்ல என்ன வச்சிருந்தாரு?"

"பொடி."

"பொடியில தண்ணி ஊத்திக் குடுத்தாரு. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப அந்தப் பொடி எங்க?"

இரண்டு பேரும் பாட்டிலையே பார்த்தார்கள். கெட்டியாக, வெள்ளையாக, பாதிப் பாட்டிலுக்கு அது கிடந்தது. எண்ணெய்க்காரி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அண்ணி. நான் தண்ணியைக் குடுத்திருக்கேன். என் பிள்ளைக்கு இத்தனை நாளும் வெறுந்தண்ணியைக் குடுத்திருக்கேன்."

"சும்மா இரு, ஒப்பாரி வைக்காத. மருந்துதான் எங்கயும் போகலையே, இங்கதானே கிடக்கு. விட்டதையெல்லாம் சேத்து இப்பக் குடுத்துடு. எடு மூடியை."

அதே நேரத்துக்குப் புருஷனின் போனும் வந்தது. எங்கோ நெடுஞ்சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவன் கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க! உள்ள இருக்கறதை மொத்தமா ஊத்துங்க! பிள்ளைக்கு என்னமாவது ஆச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

அண்ணி குழந்தையை நிமிர்த்திப் பிடித்தாள். எண்ணெய்க்காரி பாட்டிலைக் கவிழ்த்து உலுக்கினாள். கெட்டியாக இறங்கிய மருந்து கோட்டைத் தாண்டி மூடி தளும்ப நின்றது. அதைக் குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. வாயைத் திறக்கக்கூட அதற்குத் தெம்பில்லை, மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது.

அவளால் ஊற்ற முடியவில்லை. இதில் எத்தனை வேளை மருந்து இருக்கிறது? எதை வேண்டுமானாலும் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுகிறவளுக்கு இதன் அளவு தெரியவில்லை. கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றாரே அந்த மனுஷர். குறைத்துக் கொடுத்துப் பிள்ளை இப்படிக் கிடக்கிறது. கூட்டிக் கொடுத்தால்?

"ஊத்தேன்!"

"மாட்டேன் அண்ணி."

"உனக்கென்ன புத்தி பிசகிப்போச்சா? பிள்ளைக்கு மூச்சு இழுக்குது!"

"அளவு தெரியாம ஊத்த மாட்டேன். ஒரு தடவை எனக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சாச்சு, போதும்."

"அளவு பாக்குற நேரமா இது? தாயா நீ?"

எண்ணெய்க்காரி கையை இறக்கினாள். மூடியைத் தரையில் வைத்தாள். பாட்டிலை இறுக மூடி மடியில் செருகினாள். குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள். அண்ணி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினாள். போனில் அவன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான்.

தெருமுனையில் எண்ணெய்க் கடை வண்டி வந்துகொண்டிருந்தது. அவள் பாதியில் ஓடியதைப் பார்த்து முதலாளி ஓட்டுநரை அனுப்பியிருந்தார். அந்த ஆள் வாயாடி. ஏறினால் இறங்கும்வரை கதை அளப்பான். குழந்தையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். பின்னால் டப்பாக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன. சாலையில் முழங்கால் தண்ணீர். ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் அவள் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். சூடாக மூச்சு பட்டது. மறுபடி வைத்தாள். மறுபடி பட்டது.

"இந்தா வந்துருச்சு அக்கா, இந்தா வந்துருச்சு" என்றான் ஓட்டுநர். ஆஸ்பத்திரி இன்னும் வெகு தூரத்தில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக் கட்டிலில் போட்டார்கள். விரலில் ஏதோ கவ்வியை மாட்டினார்கள். முகத்தில் காற்றுக் குழாய் வைத்தார்கள். டாக்டரம்மாவுக்கு வயசு அதிகமில்லை. கண்ணில் தூக்கம் கெட்ட களைப்பு. குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"எத்தனை நாளா மருந்து குடுக்கறீங்க?"

"இன்னியோட மூணு நாள் டாக்டர்" என்று அண்ணி முந்திக்கொண்டாள். "ஒரு வேளை தப்பாம குடுத்தா."

"ஒழுங்கா குடுத்தும் கேக்கலையா?" டாக்டரம்மா சீட்டை இழுத்தாள். "அப்ப கிருமி இந்த மருந்துக்கு அடங்கலைன்னு அர்த்தம். வேற பெரிய மருந்துக்குத்தான் போகணும்."

பேனா எழுத ஆரம்பித்தது. அண்ணி எண்ணெய்க்காரியின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பிடி சொன்னது. சொன்னால் என்ன சொல்வார்கள்? பெற்றவளே மருந்தைக் கொடுக்காமல் தண்ணீரைக் கொடுத்தாள் என்று ஊரைக் கூட்டுவார்களா? பிள்ளையைத் தரமாட்டேன் என்பார்களா? அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் பேனா ஓடிக்கொண்டிருந்தது, பொய்யின் மேல் அடுத்த மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

கையை உதறி விடுவித்தாள். மடியிலிருந்த பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மருந்து இதுல கிடக்குது டாக்டர். பிள்ளை வயித்துக்குப் போகல."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். எண்ணெய்க்காரி எல்லாவற்றையும் சொன்னாள். பீப்பாய், மண்டி, தெளிய வைத்தது, சாய்த்து ஊற்றியது. திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அடியில இருக்கறதைக் குடுத்தீங்களா?" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்தது. "இன்னிக்கு? தெரிஞ்ச பிறகு?"

"இல்ல டாக்டர். குடுக்கச் சொன்னாங்க. வாய் வரைக்கும் கொண்டுபோனேன். குடுக்கல."

டாக்டரம்மா மூச்சை விட்டாள்.

"நல்லதாப் போச்சு. விட்ட வேளையைச் சேத்துக் குடுக்கவே கூடாதும்மா. இதுல எத்தனை வேளை மருந்து எறங்கியிருக்குன்னு எனக்கே தெரியாது. அதோட, இப்படி மூச்சு வாங்கற பிள்ளைக்கு வாயில ஊத்தியிருந்தா பொரையேறி நெஞ்சுக்குள்ள போயிருக்கும்." எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள். "இப்பச் சொன்னீங்களே, இது முக்கியம். சொல்லாம இருந்தீங்கன்னா நான் தப்பான வழியில போயிருப்பேன். மருந்து தோக்கல, மருந்து போகவே இல்ல. அது வேற, இது வேற."

"பொழைச்சுக்குவாளா டாக்டர்?"

"ஊசி போடறோம். பாக்கலாம்."

பாக்கலாம் என்ற அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் கட்டிலடியில் உட்கார்ந்திருந்தாள். பிழைப்பாள் என்று ஏன் சொல்லவில்லை? பொழுது போனதும் தெரியவில்லை, விடிந்ததும் தெரியவில்லை. குழந்தையின் விலா உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்வையை எடுத்தால் நின்றுவிடும் என்று பயம். அண்ணி ரொட்டியை நனைத்து அவள் வாயில் வைத்தாள். மென்றாள், விழுங்க மறந்துபோனாள்.

"நான் உன்னைத் தாயான்னு கேட்டேன்" என்றாள் அண்ணி. "என் வாயில மண்ணைப் போட."

புருஷன் காலையில் வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் டீசல். அவன் என்ன கேட்பானோ என்று அவள் எழுந்து நின்றாள். அவன் குழந்தையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், சுவரோரமாக உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஊத்துங்க ஊத்துங்கன்னு கத்துனேனே. நீ கேட்டிருந்தா..."

முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான். அவளும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளுக்கு மறுநாள் மூச்சு அடங்கிச் சீரானது. முகத்துக் குழாயை எடுத்தார்கள். குழந்தை தண்ணீர் கேட்டது. ஒரே ஒரு வார்த்தைதான், அதுவும் கம்மிப்போன குரலில். அவள் ஓடிப்போய் வராந்தாவில் நின்று அழுதுவிட்டு வந்தாள்.

அப்புறம் ஒரு நாள் காலையில் டாக்டரம்மா, "இனி ஊசி வேண்டாம், வாய் மருந்தே போதும். மீதி நாளும் விடாம குடுத்து முடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நர்ஸம்மா புதுப் பாட்டிலோடு வந்தாள். பொடியில் தண்ணீர் கலந்து அவள் கையில் கொடுத்தாள்.

"நீங்களே குடுங்க. நான் பாக்கறேன். ஒவ்வொரு வேளையும் நல்லாக் குலுக்கிட்டுத்தான் ஊத்தணும். உடம்புல தடிப்பு கிடிப்பு வந்தா உடனே சொல்லணும்."

எண்ணெய்க்காரி குலுக்கினாள். போதும்மா, பாட்டில் உடைஞ்சுடப்போகுது என்று நர்ஸம்மா சிரிக்கிறவரைக்கும் குலுக்கினாள். பாலாக நுரைத்த மருந்தைக் கோட்டுக்குச் சரியாக ஊற்றி, தலையணையில் சாய்ந்திருந்த குழந்தையின் வாயில் கொஞ்சம் வைத்தாள்.

குழந்தை அதை விழுங்கியது. விழுங்கின மறுகணம் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு வீறிட்டது.

"சீ! கசக்குது! மாவு மாதிரி இருக்கு! இது வேணாம்!"

"நல்ல பிள்ளல்ல, இன்னும் கொஞ்சந்தான்."

"வேணாம்! வீட்டுல குடுத்தியே, அது குடு! அம்மா மருந்து குடு! அதுதான் நல்லாருக்கும், தண்ணியாட்டம் இருக்கும்! இது கெட்ட மருந்து!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நர்ஸம்மாவும் சிரித்தாள். புருஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எண்ணெய்க்காரியின் கை வெடவெடவென்று நடுங்கியது. மூடியிலிருந்து ஒரு சொட்டு தளும்பி விரலில் வழிந்தது. அவள் இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, குழந்தையின் தலையைத் தன் மார்போடு சேர்த்து அணைத்து, மூடியைக் கடைவாய் ஓரமாக வைத்தாள்.

"நீ கெட்ட அம்மா!" என்று கத்தினாள் சில்வண்டு. அந்த வார்டு முழுக்கக் கேட்டது.

"ஆமாண்டி தங்கம், கெட்ட அம்மாதான். முழுங்கு."

முழுங்கினாள்.